"தூக்க மாத்திரையைப் பிடுங்கி வைத்தேன், தம்பிக்கு உடம்பு விறைத்துவிட்டது"

அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் ஓர் அக்கா. 31 வயதுத் தம்பி அவரோடுதான் இருக்கிறார். சில வருடங்கள் ஹெராயினில் சிக்கிக் கிடந்தவர், ஒன்றரை வருடமாகப் புப்ரினார்பின் சிகிச்சையில் இருக்கிறார். ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் கொடுக்கிற அபின் வகை மருந்து அது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை. நாளுக்கு 12 மில்லிகிராம். வேலைக்குத் திரும்பிவிட்டார். "ஒரு போதையை விட்டுட்டு இன்னொரு மாத்திரையைப் பிடிச்சுக்கிட்டா எப்படி?" என்று வீட்டார் நச்சரித்ததில் பிப்ரவரியில் அளவைக் குறைக்கத் தொடங்கி, ஏப்ரலில் 4 மில்லிகிராமுக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம்.

மே மாதம் அவருடைய தலையணை உறைக்குள், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அல்பிரசோலம் மாத்திரை அட்டைகள் அகப்பட்டன. தூக்கம் வரவில்லை என்று வேறொரு மருத்துவரிடம் போனதாகவும், அவர் இரவுக்கு ஒரு 0.5 மில்லிகிராம் மாத்திரை எழுதிக்கொடுத்ததாகவும் தம்பி சொல்லியிருக்கிறார். புப்ரினார்பின் எடுப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லவில்லை. அக்கா எண்ணிப் பார்த்ததில் நாளுக்கு ஆறு மாத்திரை போகிறது. சில மாத்திரைகள் அட்டையே இல்லாமல் காகிதப் பொட்டலத்தில் இருந்தன. அத்தனையையும் பிடுங்கி ஒளித்து வைத்தார். இரண்டாம் நாள் கை நடுக்கம், வியர்வை, பதற்றம். மூன்றாம் நாள் அதிகாலை உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, ஒரு நிமிடம் போல் நினைவே இல்லை. தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் சம்பந்தமில்லாமல் பேசினார். பயந்துபோன அக்கா மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நானே என் கையால விஷத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கு டாக்டர்" என்று எழுதுகிறார்.

அவர் கேட்பவை: மாத்திரைகளை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிடலாமா? சிகிச்சை மையத்தில் சொன்னால் தம்பியை வெளியே அனுப்பிவிடுவார்களாமே, மறைத்துவிடலாமா? இரண்டு மாத்திரைகளையும் ஒரேயடியாக நிறுத்தும்படி எங்காவது உள்நோயாளியாகச் சேர்த்துவிடலாமா? கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி: "ராத்திரி நல்லாத் தூங்குறான் டாக்டர், குறட்டை அடுத்த அறை வரைக்கும் கேட்குது."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மூன்றாம் நாள் விஷயம். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது வலிப்பாகத்தான் இருக்க வேண்டும். தம்பி நடிக்கவில்லை, உங்களை மிரட்டி மாத்திரையை வாங்கவும் இல்லை. மூளை பல வாரங்களாக அல்பிரசோலத்துக்குப் பழகிப்போய், அது திடீரென்று இல்லாமல் போனதும் கட்டுமீறித் துடித்திருக்கிறது. எனவே மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தது குறித்து உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அந்த இடத்தில் மருத்துவரும் அதே வகை மருந்தைத்தான் கையில் எடுத்திருப்பார், அளவு பார்த்துக் கொடுத்திருப்பார், அதுதான் வித்தியாசம். ஆனால் ஒரு முறை வலிப்பு வந்துவிட்டதால் இது அடுத்த மாதச் சந்திப்புவரை காத்திருக்கக் கூடிய காரியம் இல்லை. இதைப் படிக்கும் நாளிலேயோ மறுநாளோ அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள். மீண்டும் விறைத்தால் அவசர ஊர்தியை அழைக்க ஒரு நிமிடம்கூடத் தயங்க வேண்டாம்.

பொதுவாக மக்கள் மனத்தில் இருக்கிற வரிசை தலைகீழானது. ஹெராயினை நிறுத்தினால் செத்துப்போவார்கள், தூக்க மாத்திரையை நிறுத்தினால் இரண்டு நாள் தூக்கம் கெடும் என்று நினைக்கிறார்கள். ஹெராயின், மார்ஃபின் போன்ற அபின் வகை மருந்துகளை நிறுத்தும்போது வருகிற கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைகிற வலி எல்லாம் நரகமாக இருக்கும். ஆனால் நீர்ச்சத்து வற்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. நாள்பட எடுத்த அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். அவற்றிலும் அல்பிரசோலம் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுகிற ரகம். சுமார் 11 மணி நேரத்தில் பாதியளவாகிவிடும். அதனால்தான் இரண்டு நாளைக்குள்ளேயே தம்பிக்கு ஆட்டம் கண்டது.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள்

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிப்ரவரியில் புப்ரினார்பினைக் குறைக்கத் தொடங்கினீர்கள். ஏப்ரலில் 4 மில்லிகிராம். மே மாதம் தலையணைக்குள் அட்டை. மூன்று மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருக்கிறது. அதுவும் மருத்துவர் பரிந்துரைத்ததாக நீங்கள் எழுதவில்லை, வீட்டில் வற்புறுத்தியதாகத்தான் எழுதுகிறீர்கள்.

குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில்தான் எல்லாக் குடும்பங்களும் இதைச் செய்கின்றன. ஆனால் 12 மில்லிகிராமில் அடங்கியிருந்த உடம்பு 4 மில்லிகிராமில் அடங்காமல், மாலையானதும் கை கால் குடையத் தொடங்கியிருக்கலாம். இரவு புரண்டு புரண்டு படுத்தவர், அதைத் தூக்கமின்மை என்று இன்னொரு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் தூக்கமின்மைக்கு எழுதுவதை எழுதிவிட்டார். எங்கள் தொழிலின் பழியும் இதில் உண்டு. ஒரு நோயாளி தூக்கம் வரவில்லை என்றதும், "வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்க முப்பது விநாடி போதும். அந்த முப்பது விநாடி பல அறைகளில் செலவாவதில்லை.

அபின் வகை மருந்துக்கு அடிமையானவர்கள் தூக்க மாத்திரையைத் தேடுவதற்கு எல்லோரும் நினைப்பதுபோல் போதை ஒன்றே காரணம் அன்று. புப்ரினார்பினோ, அதேபோல் சிகிச்சைக்குக் கொடுக்கிற மெத்தடோனோ தருகிற தெம்பு போதாதபோது அதைத் தூக்கிவிட எடுப்பவர்கள் உண்டு. ஹெராயின் கிடைக்காத நாளின் வேதனையைத் தாண்ட எடுப்பவர்கள் உண்டு. போதைக்கு முன்பே இருந்த பதற்றம், பழைய அதிர்ச்சி ஒன்றின் நினைவு, இவற்றுக்காக எடுப்பவர்கள் ஏராளம். அபின் வகை மருந்தை விட்ட பிறகு தூக்கம் பல மாதங்கள் சீராகாமல் இருப்பதும் சாதாரணமே. தம்பி எந்த வகை என்பது அவர் வாயால்தான் வர வேண்டும். ஆனால் உங்கள் தேதிகள் முதல் வகையைக் காட்டுகின்றன என்பது என் ஊகம். அப்படியானால் தூக்க மாத்திரைக்கான சிகிச்சை, புப்ரினார்பின் அளவைத் திரும்ப ஏற்றுவதிலிருந்தே தொடங்குகிறது.

குறட்டை

இந்தப் பதிலில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதி இதுதான். அந்தக் குறட்டையை நல்ல தூக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விழித்திருக்கும்போது மூச்சு விடுவதற்கு நமக்குப் பல தூண்டுதல்கள் உண்டு. தூங்கிவிட்டால், இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவை உணர்ந்து "மூச்சை இழு" என்று சொல்கிற மூளைத்தண்டு ஒன்றுதான் காவல். அபின் வகை மருந்துகள் அந்தக் காவலாளியை மந்தமாக்குகின்றன. அல்பிரசோலத்தின் குடும்பமான பென்சோடயசெபின்கள், மூளையை அடக்கிவைக்கிற காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகின்றன. தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. தனியாக எடுத்தால் பென்சோடயசெபின் ஆளைக் கொல்வது அரிது. அபின் வகையோடு சேரும்போது இரண்டும் வெவ்வேறு வழியில் ஒரே மூச்சைத்தான் அடக்குகின்றன. மதுவும் சேர்ந்தால் மூன்று. நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரெகாபலின், கபாபென்டின், தூக்கத்துக்கான சோல்பிடெம், தூக்கம் வரவழைக்கிற சளி மருந்துகள் எல்லாம் இதே கணக்கில் சேருபவைதான்.

அமெரிக்காவில் 2021-இல் அபின் வகை மருந்துகள் சம்பந்தப்பட்ட மிகையளவு மரணங்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தில் பென்சோடயசெபினும் இருந்தது. இந்தச் சேர்க்கைக்கு எதிராக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே தன்னுடைய மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையைப் போட்டது.

"புப்ரினார்பினில் எவ்வளவு எடுத்தாலும் மூச்சு நிற்காது என்று சொன்னார்களே" என்று நீங்கள் கேட்கலாம். பாதி உண்மை. அது முழுமையாக வேலை செய்யாத வகை அபின் மருந்து. ஒரு அளவுக்கு மேல் மூச்சை அடக்குகிற சக்திக்கு உச்சவரம்பு உண்டு. மெத்தடோனைவிட அது பாதுகாப்பானதாக இருப்பது அதனால்தான். ஆனால் அந்த உச்சவரம்பு, அது தனியாக இருக்கும் வரைக்கும்தான். பிரான்சில் 1996 முதல் பொது மருத்துவர்களே இதை எழுதத் தொடங்கியபோது ஹெராயின் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அதே காலத்தில் புப்ரினார்பினோடு நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவற்றில் பென்சோடயசெபினும் இருந்ததைக் கண்டார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். தம்பியின் மாத்திரையில் நாலோக்சோன் என்ற முறிவு மருந்தும் கலந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது காப்பாற்றாது. நாக்குக்கு அடியில் வைக்கும்போது நாலோக்சோன் மிகச் சொற்பமாகத்தான் உடம்பில் சேரும். யாராவது கரைத்து ஊசியில் ஏற்றினால் வேதனை கொடுத்துத் தடுப்பதற்காகவே அதைக் கலந்திருக்கிறார்கள்.

பொட்டலத்தில் இருந்த மாத்திரைகளைத் தம்பிக்குக் கொடுக்கவே வேண்டாம். அட்டையில்லாத மாத்திரைக்குள் அல்பிரசோலம்தான் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பல நாடுகளின் கள்ளச் சந்தையில் எடிசோலம், புரோமசோலம் போன்ற, அல்பிரசோலத்தின் குணமுள்ள மருந்துகளை வேறு மாத்திரையின் வடிவத்திலும் நிறத்திலும் அச்சடித்து விற்கிறார்கள். ஒரே பொட்டலத்தில் இரண்டு மாத்திரைக்கு இரண்டு வீரியம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே காட்டுங்கள்.

மறைக்கலாமா?

வேண்டாம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அப்படி வெளியே அனுப்புகிற மையங்களும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் மருத்துவ அறிவு இப்போது அந்தப் பக்கம் இல்லை. 2017-இல் அதே அமெரிக்க அமைப்பு, பென்சோடயசெபின் எடுக்கிறார் என்பதற்காகப் புப்ரினார்பினையோ மெத்தடோனையோ ஒருவருக்கு மறுக்கக் கூடாது என்று அறிவித்தது. காரணத்தையும் சொன்னது: சேர்த்து எடுப்பதில் ஆபத்து உண்டு, ஆனால் அபின் வகை அடிமைத்தனத்தைச் சிகிச்சையில்லாமல் விட்டுவிடுவதில் அதைவிடப் பெரிய ஆபத்து. மையத்தில் யாராவது நிறுத்திவிடுவதாகப் பேசினால் இதை எடுத்துச் சொல்லி, "நிறுத்துவதானால் அதற்குப் பதிலாக என்ன சிகிச்சை, எங்கே, எந்த நாளிலிருந்து என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்க உங்கள் தம்பிக்கு உரிமை உண்டு.

அவர் வயதுவந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். அவருடைய சம்மதம் இல்லாமல் மருத்துவர் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் மருத்துவரிடம் சொல்வதை யாரும் தடுக்க முடியாது. தம்பிக்குத் தெரியாமல் சொல்வதைவிட, "நாளைக்குப் போறோம், நீயே சொல்லு, நீ சொல்லாததை நான் சொல்லுவேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அழைத்துப் போவது நல்லது. இரண்டு மருந்தையும் ஒரே மருத்துவர் எழுத வேண்டும். இரண்டாவது மருத்துவரிடமும் விஷயத்தைச் சொல்லி அங்கே வாங்குவதை நிறுத்திவிடுங்கள்.

எப்படிக் குறைப்பார்கள்?

பொறுமையாக. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பென்சோடயசெபினை முதலில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் என்று குறைக்கச் சொல்கிறது. எப்படியும் இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தம்பியின் 3 மில்லிகிராமுக்கு இது பல மாதக் கதை. சில மருத்துவர்கள் அல்பிரசோலத்தை நீண்ட நேரம் உடம்பில் தங்குகிற டயசெபாமாக மாற்றி, அதைக் குறைப்பார்கள். நாள்தோறும் அல்லது சில நாளுக்கு மட்டும் என்று அளந்து கொடுப்பார்கள். வலிப்பு வந்திருப்பதால் முதல் சில நாள் மருத்துவமனையில் வைத்தே தொடங்கலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்தக் காலம் முழுக்கப் புப்ரினார்பின் குறையக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் குறைப்பது இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்குவதுபோல. முதலில் புப்ரினார்பினை உடம்பு அடங்கும் அளவுக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தி, பிறகு அல்பிரசோலத்தைக் குறைப்பார்கள். தூக்கத்துக்கு மருந்தில்லாத நடத்தைச் சிகிச்சை உண்டு. படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தி, படுக்கையில் விழித்துக் கிடக்கிற பழக்கத்தை உடைப்பது அதன் சாரம். முதல் இரண்டு வாரம் சலிப்பாக இருக்கும், பிறகு வேலை செய்யும். குறட்டையைச் சொன்னால் உறக்க மூச்சுத்தடைப் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம்.

இரண்டையும் ஒரேயடியாக நிறுத்தும் இடத்தில் சேர்ப்பது பற்றி என் கருத்து கடுமையானது. அல்பிரசோலத்தால் வலிப்பு வரும் என்பது ஒன்று. இன்னொன்று வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. ஒரு மாதம் அபின் வகை மருந்தே இல்லாமல் இருந்த உடம்பு தாங்குசக்தியை இழந்துவிடும். மனமோ பழைய அளவைத்தான் நினைவில் வைத்திருக்கும். வெளியே வந்து ஒரே ஒரு முறை பழைய அளவை எடுத்தவர்களை இழந்த குடும்பங்களோடு நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். "சுத்தமாயிட்டான் டாக்டர், அப்புறம் எப்படி?" என்று கேட்பார்கள். சுத்தமானதால்தான் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

"எத்தனை நாளைக்கு இதையும் தின்பான்?" என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவர் வேலைக்குப் போகிறார், ஹெராயினைத் தொடவில்லை, உயிரோடு இருக்கிறார் என்றால் புப்ரினார்பின் தன் வேலையைச் செய்கிறது. சர்க்கரை நோய்க்காரரிடம் யாரும் இன்சுலினை எப்போது விடுவாய் என்று கேட்டு நச்சரிப்பதில்லை. விடுகிற நாளை அவரும் மருத்துவரும் முடிவு செய்யட்டும்.

வீட்டில் வைத்திருக்க வேண்டியது

மையத்தில் கேட்டு நாலோக்சோன் வாங்கி வையுங்கள். மூக்கில் அடிக்கிற வடிவம் இருந்தால் எளிது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் அது இருக்கும் இடம் தெரிய வேண்டும். குறட்டை நடுவில் நின்று நின்று வருகிறது, தொண்டையில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்கிறது, உதடும் நகமும் நீலமாகவோ சாம்பல் பூத்தோ இருக்கின்றன, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருக்கிறது, நிமிடத்துக்குப் பத்து மூச்சுக்கும் குறைவு: இவற்றில் எதைக் கண்டாலும் பெயர் சொல்லிக் கத்துங்கள். விரல் முட்டியால் நெஞ்சு எலும்பில் அழுத்தித் தேயுங்கள். எழவில்லை என்றால் அவசர ஊர்தியை அழைத்துவிட்டு நாலோக்சோன் கொடுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து விநாடிக்கு ஒன்றாக வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இரண்டாவது முறை கொடுங்கள். புப்ரினார்பின் பிடி இறுக்கமானது, அதனால் கூடுதலாகத் தேவைப்படலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். நாலோக்சோன் அல்பிரசோலத்தை முறிக்காது. ஆகவே மூச்சு சீரான பிறகும் அவர் கண் விழிக்காமல் கிடக்கலாம். பதறி மேலும் மேலும் கொடுக்க வேண்டாம். நமக்கு வேண்டியது மூச்சு. மூச்சு வந்ததும் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைத்து, கூடவே இருங்கள். நாலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால், எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். முகத்தில் தண்ணீர் அடிப்பது, வாந்தி எடுக்க வைப்பது, காபி புகட்டுவது எதுவும் கூடாது. பென்சோடயசெபினுக்கும் ஃப்ளூமசெனில் என்று ஒரு முறிவு மருந்து உண்டு. ஆனால் பழகிய உடம்பில் அதுவே வலிப்பைக் கிளப்பும், அதனால் மருத்துவமனையில்கூட யோசித்துத்தான் தொடுவார்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அட்டையில் உள்ளதை நீங்கள் எண்ணி வைத்து, அன்றாட அளவை நாளில் பிரித்துக் கொடுங்கள். ஒருசேரப் படுக்கைக்கு முன் விழுங்கக் கூடாது. எடுத்ததை மறந்து திரும்ப எடுப்பது இந்த மருந்தின் குணம், எண்ணுகிற வேலை உங்களிடம் இருக்கட்டும். அவர் அரைத்தூக்கத்தில் தள்ளாடினால் அந்த வேளையைத் தவிர்த்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மது ஒரு சொட்டுகூட வேண்டாம். வண்டி ஓட்ட வேண்டாம்.

போகும்போது ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: பிப்ரவரியிலிருந்து புப்ரினார்பின் குறைத்த தேதிகள், இப்போது ஒரு நாளில் எடுக்கிற அல்பிரசோலம், விறைப்பு வந்த நாளும் நேரமும், பகலில் எத்தனை மணிக்குத் தம்பிக்குக் கை கால் குடையத் தொடங்குகிறது என்பது. நான்காவதை அவரிடம் கேட்டுத்தான் எழுத முடியும். இதுவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அதுவரை இரவில் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுக்கச் சொல்லுங்கள்.